ஆய்வகச் சரக்கு ஊர்ப் பட்டறைக்கு வருமா? வாசகர் கேள்வி – நிபுணர் பதில்

காரைக்குடியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (சிக்ரி) இருக்கிறது, அரசுப் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. அங்கே கண்டுபிடிப்பவை உரிமமாகவோ ஒப்பந்தமாகவோ சுற்றுவட்டாரத் தொழில்களுக்கு வந்து சேருவதைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, தொழில்நுட்ப உரிமம், காப்புரிமை, பொருள் சோதனை ஆகிய துறைகளில் பணிபுரிவோர் பதில் தருகிறார்கள்.

கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் போகிற சரக்கு இரண்டே வருஷத்தில் துருப்பிடித்துப் புகார் வருகிறது. ஆய்வகத்தில் துருத்தடுப்புப் பூச்சுக்கு உரிமம் தருவார்களாமே, எப்படி வாங்குவது? எவ்வளவு ஆகும்?
– பட்டறை உரிமையாளர், காரைக்குடி

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பூச்சை நீங்களே தயாரித்து மற்றவர்களுக்கு விற்கப் போகிறீர்களா, உங்கள் கேட்டுக்கு மட்டும் அடிக்கப் போகிறீர்களா? அடிக்க மட்டும்தான் என்றால் உரிமம் தேவையே இல்லை. ஏற்கெனவே உரிமம் பெற்றுத் தயாரிப்பவரிடம் டின்னில் வாங்கிக்கொள்ளலாம். இது தெரியாமல் லட்சக்கணக்கில் முன்பணம் கட்டியவர்கள் உண்டு.

அதற்கும் முன்னால் உங்கள் பட்டறையைப் பாருங்கள். பூச்சு உரிவதில் பெரும்பங்கு பூச்சின் குற்றமல்ல, இரும்பைத் தயார் செய்ததில் வந்த குற்றம். கருநீலச் செதிலோடு வரும் ஆங்கிளின் மேல் அப்படியே பிரைமர் அடித்தால், உலகத்தின் எந்தப் பூச்சும் கடற்காற்றில் நிற்காது. மணல் பீய்ச்சி எஸ்.ஏ. இரண்டரை தரத்துக்கு, அதாவது துருவும் செதிலும் அநேகமாக முழுதும் போகும்படி சுத்தம் செய்து, நான்கு மணி நேரத்துக்குள் முதல் பூச்சு விழ வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்கக் கூடாது. இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். வெல்டிங் பொட்டுகளைத் தேய்த்தெடுத்து, கூர்முனைகளை மழுக்கி, முனைகளுக்கும் பற்றவைத்த தையலுக்கும் தனியாக ஒரு கை பிரஷ்ஷால் கொடுங்கள். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். இதையெல்லாம் செய்த பிறகும் புகார் வந்தால் உரிமத்தைப் பற்றிப் பேசலாம்.

தயாரித்து விற்பதுதான் உத்தேசம் என்றால், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு விவரக் குறிப்பை வாங்குங்கள். அதில் மூன்று எண்களைத் தேடுங்கள்: இதுவரை ஒரே தடவையில் தயாரித்த அதிகபட்ச அளவு எத்தனை லிட்டர், அப்படி எத்தனை தொகுதி போட்டார்கள், உப்புத்தெளிப்புச் சோதனையில் எத்தனை மணி நேரம் தாங்கியது. அந்தச் சோதனை 5 சதவீத உப்புக் கரைசலில், 35 டிகிரியில் நடப்பது. சோதனைத் தகடு ஆய்வகத்தில் பளபளவென்று தேய்த்ததா, உங்கள் கடையில் கிடைக்கிற ஆங்கிள் துண்டா என்பதையும் கேளுங்கள். உங்கள் இரும்பிலேயே, உங்கள் ஆள் கையாலேயே, அவர்கள் முன்னிலையில் ஒரு தொகுதி போட்டுப் பார்க்காமல் காசோலை கொடுக்காதீர்கள்.

இப்படி வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஒரு லிட்டர் பீக்கரில் கலக்கும்போது உண்டாகும் சூடு பக்கச் சுவர் வழியே போய்விடும். அதே கலவையை 200 லிட்டர் டிரம்மில் போட்டால், ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சுவர்ப் பரப்பு கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சூடு வெளியேற வழியில்லாமல் கலவை கெட்டியாகும், சில சமயம் டிரம்மிலேயே இறுகிவிடும். ஆய்வகம் வாலைவடித்த நீரில் செய்திருக்கும். நம் பக்கத்து போர்த் தண்ணீரின் உப்பில் நிறமித் தூள் திரண்டுபோகலாம். இவற்றுக்கான விடை காப்புரிமைப் பத்திரத்தில் இருக்காது, செய்த விஞ்ஞானியின் கையில் இருக்கும். ஆகவே 'செய்முறைப் பயிற்சி எத்தனை நாள், உங்கள் இடத்துக்கு வருவார்களா, முதல் எத்தனை தொகுதி தரம் தேறும்வரை துணை நிற்பார்கள்' என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக வரவேண்டும்.

பணம் பொருளைப் பொறுத்தது. ஓர் உதாரணக் கணக்கு: முன்பணம் 3 லட்சம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 54,000. ராயல்டி விற்பனையில் 3 சதவீதம், ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது 2 லட்சம் என்று ஒரு வரி. உங்கள் விற்பனை 40 லட்சம் என்றால் 3 சதவீதம் 1,20,000தான், ஆனாலும் 2 லட்சம் கட்ட வேண்டும். அதாவது நீங்கள் உண்மையில் கொடுப்பது 5 சதவீதம். சுமார் 66.7 லட்சத்தைத் தாண்டினால்தான் 3 சதவீதக் கணக்கு வேலை செய்யும். 'முதல் இரண்டு ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை கிடையாது' என்று கேட்டு வாங்குங்கள். விற்பனை என்பது வரியும் லாரி வாடகையும் நீங்கிய ஆலை விலை என்று எழுதுங்கள்.

காப்புரிமை உயிரோடு இருக்கிறதா என்பதைக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடுதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பாருங்கள். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியானவையும் பட்டியலில் இருக்கும். செய்முறை அறிவுக்காக அதையும் வாங்கலாம். விலையை மட்டும் அதற்கேற்பக் குறைக்கச் சொல்லுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். புதிய மின்முனைப் பொருள் ஒன்று நன்றாக வந்திருக்கிறது. அடுத்த மாதம் கருத்தரங்கு. கைடு முதலில் பேப்பர் போடச் சொல்கிறார், சீனியர் முதலில் பேட்டன்ட் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஆய்வு மாணவி, அழகப்பாபுரம்

சீனியர் சொல்வது சரி. வெளியே சொன்ன பிறகு விண்ணப்பித்தால் 'புதியது அல்ல' என்று தள்ளிவிடுவார்கள். கருத்தரங்கின் சுருக்கக் குறிப்பு நூல், சுவரில் ஒட்டும் போஸ்டர், ஆய்வேட்டை இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவது, பொது வாய்மொழித் தேர்வு எல்லாமே வெளியே சொன்னதாகத்தான் கணக்கு. அரசு அறிவித்த கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் 12 மாதச் சலுகை உண்டு. அந்த வாசல் மிகக் குறுகியது, நம்பி இறங்காதீர்கள்.

கைடு பயப்படுவதுபோல் பேப்பர் தாமதமாகாது. தற்காலிக விவரக்குறிப்பு என்று ஒன்று இருக்கிறது. என்ன பொருள், எந்த விகிதம், எப்படிச் செய்தோம், என்ன கிடைத்தது என்று பத்துப் பதினைந்து பக்கத்தில் எழுதி இணையத்தில் விண்ணப்பித்தால், அன்றைய தேதியே உங்கள் தேதி. மறுநாள் கருத்தரங்கில் பேசலாம். முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் தர வேண்டும். ஒருநாள் தவறினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். கல்வி நிறுவனத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். முப்பது பக்கம், பத்து உரிமைக் கோரிக்கை வரை இதற்குள் அடங்கும். பரிசீலனை கோரும் கட்டணம் 4,000. இதை முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கேட்க வேண்டும். முன்பு 48 மாதம் இருந்ததை 2024-இல் குறைத்துவிட்டார்கள். பழைய கணக்கில் இருப்பவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

தற்காலிகக் குறிப்பில் எல்லோரும் செய்யும் தவறு, கிடைத்த ஒரே விகிதத்தை மட்டும் எழுதுவது. 8 சதவீதத்தில் நன்றாக வந்தது என்று மட்டும் எழுதினால், போட்டிக்காரர் 9 சதவீதத்தில் செய்துகொள்வார். 5, 8, 12 என்று செய்து பார்த்து, எல்லையையும் அதற்கு ஆதாரமான அளவீட்டையும் எழுதுங்கள். பின்னால் சேர்க்கும் புதுச் செய்திக்குப் பழைய தேதி கிடைக்காது.

உரிமை யாருக்கு? மாணவர் ஊழியர் அல்லர். எழுத்தில் ஒப்படைத்தால்தான் உரிமை நிறுவனத்துக்குப் போகும். கல்வி அமைச்சகத்தின் 2019-ஆம் ஆண்டுத் தேசியப் புத்தாக்கக் கொள்கை, நிறுவனத்தின் பணமும் கருவியும் பயன்பட்டிருந்தால் கூட்டு உரிமை என்கிறது. உங்கள் பல்கலைக்கழகக் கொள்கையில் ராயல்டிப் பங்கு எத்தனை என்று எழுதியிருக்கும், ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் அதை வாங்கிப் படியுங்கள். கருவியை இயக்கிக் கொடுத்தவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார், துறைத் தலைவர் என்பதாலும் ஒருவர் ஆகமாட்டார். இதை மரியாதையாக, ஆனால் முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடுகிறோம். பதித்து மூன்று நான்கு மாதத்தில் வெள்ளை பூத்துவிடுகிறது என்று சரக்கைத் திருப்புகிறார்கள். ஒரு கல்லூரிப் பேராசிரியர் சேர்ந்து ஆராய்ச்சி செய்யலாம், கூட்டுப் பேட்டன்ட் போடலாம் என்கிறார். சம்மதிக்கலாமா?
– கல் பட்டறைக்காரர், ஆத்தங்குடி

ஆராய்ச்சிக்குத் தாராளமாகச் சம்மதியுங்கள். பேட்டன்ட் பேச்சைச் சற்றுத் தள்ளிவையுங்கள்.

வெள்ளை இரண்டு வகை. உதிர்த்த தூளைச் சுரண்டி ஒரு கரண்டியில் வைத்து வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு வழிவந்தது: சிமெண்டிலிருந்து வெளிவரும் சுண்ணாம்பு நீரோடு மேலே ஏறி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிகிறது. நுரைக்காமல் வெறும் தண்ணீரிலேயே கரைந்தால் அது உப்பு. தண்ணீர், மணல், அல்லது பதித்த தரையின் ஈரம், இந்த மூன்றில் ஒன்றிலிருந்து வருவது. கல்லின் முகத்திலேயே வினிகரை ஊற்றிப் பார்க்காதீர்கள், பளபளப்பு போய்விடும்.

உப்பு என்றால் ஆராய்ச்சிக்கு முன்பே பாதி வேலை முடியும். கலக்கும் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். கம்பியில்லாக் கான்கிரீட்டுக்கே ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு, 400 மில்லிகிராம் சல்பேட்தான் அனுமதிக்கிறது. பூக்கல்லுக்கு அதைவிட வெகுவாகக் குறைவாக இருப்பது நல்லது. நனைக்கும் தொட்டித் தண்ணீரை மாற்றாமல் வாரக்கணக்கில் வைத்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

சுண்ணாம்பு என்றால்தான் கல்லூரி உதவும். சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்த்தால் உதிரிச் சுண்ணாம்பை அது பிடித்துக்கொள்ளும். ஆனால் சாம்பல் நிறத்தை மங்கடிக்கும், ஆகவே பின்பக்கக் கலவையில் மட்டும். முகப்புக்கு வெள்ளை சிமெண்டோடு மெட்டகயோலின் (சுட்ட வெண்களிமண் தூள்) 5 முதல் 10 சதவீதம் பொருந்தும். சோதனையை இப்படி வகுக்கலாம்: சாம்பல் 0, 10, 15, 20 சதவீதம், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கல், மணலும் தண்ணீரும் ஆளும் ஒன்றே. 28 நாள் நனைத்த பிறகு ஆறு கல்லை உடைத்தும் மற்ற ஆறை ஊறவைத்தும் பாருங்கள். ஐ.எஸ். 1237 கேட்பது: ஈர நிலையில் வளைவுத் தாங்குதிறன் சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டனுக்குக் குறையாமல், நீர் உறிஞ்சல் 10 சதவீதத்துக்கு மிகாமல். அவசர ஆர்டர் என்று ஏழு நாளில் தொட்டியிலிருந்து எடுத்தால் சாம்பல் கலந்த கல் சாதாரணக் கல்லைவிட மெலிந்திருக்கும். சாம்பல் மெதுவாகத்தான் இறுகும். கல்லூரியில் தேறிய கலவை பட்டறையில் தோற்பது பெரும்பாலும் இதனால்தான்.

நிறம் வெளுப்பது வேறு கதை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடும் பச்சைக்குக் குரோமிய ஆக்சைடும் சிமெண்டின் காரத்தைத் தாங்கும். மலிவான பிரஷ்யன் நீலம் தாங்காது, பழுப்பாகிவிடும். நிறமி சிமெண்ட் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இனி பேட்டன்ட். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து நிறம் ஊற்றும் முறை பரம்பரை அறிவு, காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவுப்படி அதற்குக் காப்புரிமை கிடையாது, யாரும் அதை எடுத்துக்கொள்ளவும் முடியாது. புதுக் கலவைக்குக் கிடைக்கலாம். கூட்டாக எடுத்தால் 50-ஆம் பிரிவைக் கவனியுங்கள்: இருவரில் எவரும் தாமே செய்து விற்கலாம், ஆனால் மற்றவர் சம்மதமில்லாமல் மூன்றாமவருக்கு உரிமம் தர முடியாது. பக்கத்துப் பட்டறைக்காரர் கேட்டால் கல்லூரி கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். 'ஆத்தங்குடி வட்டாரப் பட்டறைகளுக்குக் கட்டணமில்லாப் பொது உரிமம், வெளியாருக்கு மட்டும் கட்டணம்' என்று இப்போதே எழுதிவிடுங்கள். உங்கள் மணல் எடுக்கும் இடம், கலவை விகிதம், அச்சுத் தகடு இவை ஏற்கெனவே உங்கள் சொத்து என்று ஓர் இணைப்புப் பட்டியலும் போடுங்கள். புதிய டிசைன் வரைந்தால் வடிவமைப்புப் பதிவு தனி: 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. வாட்ஸப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவதற்கு முன் பதிவுக்குக் கொடுங்கள்.

தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் செய்து சிங்கப்பூர், மலேசியாவுக்கு அனுப்புகிறேன். இருபது நாளில் காறல் வாடை வருகிறது. மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் தொழில்நுட்பம் வாங்கலாமா?
– ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

வேண்டாம் ஆச்சி. உங்களுக்கு வேண்டியது உரிமம் அல்ல, ஒரு சோதனை அறிக்கையும் நல்ல பையும்தான்.

காறல் என்பது எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவது. ஈயம் பூசாத பித்தளைச் சட்டியில் பொரித்தால் செம்பு அதை வேகமாக்கும், துருவேறாத எஃகுக்கு மாறுங்கள். பழைய எண்ணெயில் புதிதை ஊற்றி நிரப்பும் பழக்கத்தை விடுங்கள், பழசு புதிசையும் கெடுத்துவிடும். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவப் பொருள் (திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் கெட்டுப்போன பகுதி) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். அதை அளக்கக் கையடக்க மீட்டர் கிடைக்கிறது. நன்றாக ஆறிய பிறகே பையில் போடுங்கள். உலோகப் பூச்சுள்ள பாலியெஸ்டர் அடுக்குப் பையில் நைட்ரஜன் நிரப்பி, மிஞ்சிய ஆக்சிஜன் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒட்டிய பையை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் நைட்ரஜனுக்குக் கொடுத்த காசு வீண். தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெராக்சைடு அளவு, கொழுப்பமிலம், ஈரப்பதம் மூன்றையும் வாரம் ஒருமுறை பார்த்துத் தரச்சொல்லி ஆயுள் கணக்கிடுங்கள். கைப்பக்குவம் உங்களிடம் இருக்கிறது, அதை யாரும் விற்கப் போவதில்லை.

கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, அதைக் கல்லூரிக்கோ கம்பெனிக்கோ உரிமமாகக் கொடுத்துச் சம்பாதிக்க முடியாதா?
– வாசகர், கானாடுகாத்தான்

முடியாது. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் புவிசார் குறியீட்டை விற்கவோ, உரிமம் கொடுக்கவோ, அடகு வைக்கவோ 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. அந்த வட்டாரத்தில் நெய்கிறவர் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டால்தான் முத்திரையைப் போட முடியும். கல்லூரி உதவ நினைத்தால் அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கட்டும், சாயம் ஒட்டும் தரத்தைச் சோதித்துக் கொடுக்கட்டும்.

வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து சிக்ரி வந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. சுற்றிலும் தொழிற்சாலை ஏன் முளைக்கவில்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஆய்வகம் நன்கொடை கொடுத்தவரின் ஊருக்கு வரும். தொழிற்சாலை அப்படி வராது. அது மூலப்பொருள், மின்சாரம், துறைமுகம், வாங்குகிறவர் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். மின்வேதியியல் தொழில்களோ மின்சாரத்தை விழுங்குபவை. உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலைக்கு வேண்டிய மின்முனையை இங்கே ஆராயலாம், ஆலை உப்பும் மின்சாரமும் உள்ள இடத்தில்தான் நிற்கும்.

அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று. இந்தியாவிலேயே உருவான லித்தியம் அயான் மின்கலத் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க 2018 ஜூனில் ஒப்பந்தமானது. ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை காரைக்குடி சிக்ரி. மாதிரிக் கலம் செய்யும் கூடம் சென்னையில். ஆலைக்கு அந்த நிறுவனம் அறிவித்த இடம் கிருஷ்ணகிரி மாவட்டம். யாரையும் குறை சொல்வதற்கில்லை, வாகனத் தொழிலின் பாதை அந்தப் பக்கம்தான்.

ஆனால் ஊருக்கென்று எதுவும் கேட்க முடியாது என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் 1980-இல் வந்த பே–டோல் சட்டம், அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததைப் பல்கலைக்கழகமே உரிமம் கொடுக்கலாம் என்றது. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அதே சட்டத்தில் சிறுதொழிலுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. தனியுரிமம் (ஒருவருக்கு மட்டுமே தரும் உரிமம்) பெற்று அமெரிக்காவில் விற்கிறவர் கணிசமாக அமெரிக்காவிலேயே தயாரிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. நம் நாட்டில் இதே பாணியில் 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, பிறகு திரும்பப் பெறப்பட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் உரிம ஒப்பந்தத்தில் ஷரத்து போட யாரும் தடுக்கவில்லை. 'முதல் 12 மாதம் மாவட்டச் சிறுதொழில்களுக்கு முன்வாய்ப்பு. தனியுரிமம் எடுத்தவர் இரண்டு ஆண்டுக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் உரிமம் பொதுவாகிவிடும்' என்று எழுதலாம். இரண்டாவது ஷரத்து மிக முக்கியம். உரிமத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைப்பதும் நடக்கிற காரியம்தான்.

சிறிய அளவில் இங்கேயே நடந்த முயற்சியும் உண்டு. குன்றக்குடி அடிகளார் தம் ஊரில் அமைத்த கிராமத் திட்டக்குழுவுக்கு சிக்ரி விஞ்ஞானிகள் கைகொடுத்தார்கள். பெரிய ஆலை அல்ல, கிராமத்தில் கிடைப்பதையும் கிராமத்தில் இருக்கும் ஆட்களையும் வைத்துச் செய்யும் சிறுதொழில். செட்டிநாட்டுக்குப் பொருந்துவது அந்த அளவுதான் என்பது எங்கள் எண்ணம். பேட்டரி ஆலைக்கு ஏங்குவதைவிட, கடலோர இரும்பு, கல், ஓலை, பலகாரம் இவற்றின் நூறு சின்னச் சிக்கல்களை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது பலன் தரும்.

எங்கள் கல்லூரியில் தொழில்நுட்பப் பரிமாற்றப் பிரிவு தொடங்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. நாற்பது புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அடுத்து என்ன?
– முதல்வர், சுயநிதிக் கல்லூரி, சிவகங்கை மாவட்டம்

நாற்பதில் பணமோ பொருளோ கைமாறியது எத்தனை என்று பாருங்கள். மற்றவற்றை ஃபிரேம் போட்டு மாட்டிவையுங்கள், ஆய்வுக் குழு வரும்போது உதவும்.

உரிம வருமானத்தை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டின் கோஹென்–போயர் மரபணுக் காப்புரிமைகள் 1997-இல் காலாவதியாகும் வரை 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டின என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்வார்கள். அது 468 நிறுவனங்களுக்கு மலிவாக, தனியுரிமை இல்லாமல் கொடுத்ததால் வந்த பணம். அப்படி ஒன்று எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

சோதனைக்கூடக் கதவை முதலில் திறங்கள். எந்தச் சோதனைக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் அறிக்கை என்று ஒரு தாளில் அச்சிட்டுச் சிட்கோ தொழிற்பேட்டையில் கடை கடையாகக் கொடுங்கள். ஜி.எஸ்.டி. ரசீது கொடுக்க முடியாவிட்டால் தொழில்காரர் திரும்ப வரமாட்டார். சோதனைக்கூடங்களைத் தரம் பார்க்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இல்லாத அறிக்கையைப் பெரிய கொள்முதல்காரர் ஏற்கமாட்டார், ஆகவே நான்கைந்து சோதனைக்காவது அதை வாங்குங்கள். பிரிவுக்கு இரண்டு பேர் போதும்: காப்புரிமைப் பத்திரம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், மோட்டார் சைக்கிளில் பட்டறை பட்டறையாய்ப் போகக் கூச்சப்படாதவர் ஒருவர். இரண்டாமவர் கிடைப்பதுதான் கஷ்டம்.

பட்டறைக்காரர் செலவுக்குத் தயங்கினால், தமிழ்நாடு தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தைக் காட்டுங்கள். கல்லூரி போன்ற அறிவுக் கூட்டாளியோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு ஏ வகையில் 2 லட்சம், பி வகையில் 5 லட்சம் வரை உதவி. விண்ணப்பத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். மாணவர்களின் புது நிறுவனத்தில் கல்லூரி பங்கு கேட்கலாம், 2019 கொள்கை சொல்லும் வரம்பு 2 முதல் 9.5 சதவீதம். இருபது முப்பது கேட்டால் பின்னால் முதலீட்டாளர் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்.

பேட்டன்ட் விண்ணப்ப எண் கிடைத்துவிட்டது. சிங்கப்பூரில் உள்ள சித்தப்பா மூலம் அங்கே பொருளை விற்கலாமா? இந்தியக் காப்புரிமை அங்கும் செல்லுமா?
– இளம் தொழில்முனைவர், கோட்டையூர்

விற்கலாம், ஆனால் இந்திய விண்ணப்பம் அங்கே யாரையும் தடுக்காது. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. உங்கள் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் சிங்கப்பூரிலோ, பி.சி.டி. என்ற சர்வதேச வழியிலோ விண்ணப்பித்தால் பழைய தேதி அங்கும் கிடைக்கும். பி.சி.டி. வழியில் போனால் சிங்கப்பூருக்குள் நுழைய 30 மாதம்வரை அவகாசம் உண்டு. அதற்குள் சித்தப்பா சந்தையைச் சோதித்துப் பார்த்துவிடலாம். இந்தியாவில் கொடுத்து ஆறு வாரம் ஆகுமுன் வெளிநாட்டில் கொடுப்பதானால் 39-ஆம் பிரிவு அனுமதி வேண்டும். இன்னொன்றை மறக்காதீர்கள்: அங்கே வேறொருவர் காப்புரிமை உங்கள் பொருளின்மேல் ஏற்கெனவே இருந்தால், உங்கள் கையில் என்ன எண் இருந்தாலும் விற்க முடியாது. முதல் கன்டெய்னருக்கு முன் அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.